பச்சையனுக்கு உன் மீசை

இன்று காலை கலியபெருமாள் அண்ணன் ஒரு நெல் தூரை வேரும் சேறுமாகப் பிடுங்கி வந்து என் அச்சகத்து மேசைமேல், கல்யாணப் பத்திரிகை மாதிரிகளுக்கு நடுவில் வைத்தார். கடை முழுக்கச் சேற்று வாடை. வேறு யாராவது என்றால் கத்தியிருப்பேன். அவரிடம் மட்டும் எனக்கு வாய் எழாது. ஏனென்று உனக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

ஐந்து வருஷத்துக்கு முந்தைய மார்கழி அது. நம் படக்கதைக்கு மூன்றாவது இதழ். வலங்கைமான் உரக்கடையிலும் டீக்கடையிலும் இனாமாகக் கொடுத்த நாலு பக்கத் தாள். வசனம் நீ, படம் நான். அறிவியல் வாத்தியார் நீ எழுதினால் பரீட்சைக்குப் படிப்பது போலிருக்கும். "விவசாயி பக்கத்தைப் புரட்டணும்னா ஒரு வில்லன் வேணும்டா" என்று நான்தான் அடம்பிடித்தேன்.

வில்லன் எங்கள் வயலிலேயே கிடைத்தான். பயிரின் அடித்தூரில் கூட்டமாக உட்கார்ந்து சாறு குடிக்கும் பழுப்புப் பூச்சியான புகையான் எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் பச்சை உடம்பும் கறுப்புத் தலையுமாக இன்னொரு பூச்சி ஓடிக்கொண்டிருந்தது. இவன்தான் கூட்டத்துக்குத் தலைவன் என்று முடிவு கட்டினேன். பச்சையன் என்று பெயர் வைத்து, தோளில் சால்வையும் போட்டு, வரைந்து கொண்டுவந்தேன். நீ ஒன்றுதான் கேட்டாய்.

"வேளாண் ஆபீஸ்ல கேட்டியா?"

"கேட்டேன்டா."

கேட்கவில்லை. மழை, சோம்பல், மறுநாள் அச்சடிக்க வேண்டிய அவசரம். என் வார்த்தையை நம்பி நீ, 'பச்சையனைக் கண்டால் விடாதே' என்று வசனம் எழுதினாய்.

கலியபெருமாள் அண்ணன் விடவில்லை. ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் சம்பாவில், பச்சையன் கண்ணில் பட்ட அன்றே மருந்தடித்தார். அவன் செத்தான், புகையான் பெருகியது. கதிர் விட்ட பயிர் வட்டம் வட்டமாகக் கருகி உட்கார்ந்துவிட்டது. சந்தேகப்பட்டு நீ டிபன் டப்பாவில் நாலு பச்சையன்களைப் பிடித்துப் போட்டுக்கொண்டு நேராக ஆபீசுக்கே போனாய். திரும்பி வந்து, வண்டியை விட்டு இறங்காமலே சொன்னாய். "அவன் நல்லவன்டா. புகையான் முட்டையைத் தின்னத்தான் அங்க சுத்தியிருக்கான். நாம அவனைக் கூட்டாளின்னு நெனச்சுட்டோம்."

'நாம' என்றாய். நான் அந்த ஆபீஸ் படியே மிதிக்கவில்லை என்பது அன்று உனக்கு அங்கே தெரியாமலா போயிருக்கும்? நீ கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அன்று மாலையே கலியபெருமாள் அண்ணன் வயலுக்குப் போனோம். "எழுதினவன் நான்தாண்ணே. தப்பு என்னுது" என்றாய். "புள்ளைங்களுக்கும் இப்படித்தான் சொல்லிக் குடுக்குறீங்களா?" என்று ஆரம்பித்தவர், மடை திறந்த மாதிரி பேசினார். நீ தலை குனிந்து கேட்டுக்கொண்டாய். நான் பக்கத்தில் நின்று என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தாலும் என்மேல் எனக்கே காறித் துப்பத் தோன்றுகிறது.

பச்சையனைச் சத்தமில்லாமல் கைவிட்டு வேறு கதைக்குப் போய்விடலாம் என்றேன். "படத்துல செஞ்ச தப்பைப் படத்துலயே சரி பண்ணு" என்று நீ விடவில்லை. நாலாவது இதழில் அவனைக் கதாநாயகன் ஆக்கச் சொன்னாய். ஒரே மாதத்தில் வில்லன் எப்படித் திருந்துவான் என்று கேட்டேன்.

"அவன் அன்னிக்கும் இதே வேலையைத்தான் பார்த்தான். நாமதான் விசாரிக்கலை."

வாயால் மன்னிப்புக் கேட்கத் தைரியம் இல்லாதவன், புதிய பச்சையனுக்கு உன் கண்ணாடியையும் தொங்கு மீசையையும் வைத்து வரைந்தேன். "ஏன்டா, என் மீசைதான் கெடச்சுதா பூச்சிக்கு?" என்று திட்டினாய். ஆனால் வகுப்பில் அந்தத் தாளை ஒட்டிவைத்திருந்தாய். அதற்குப் பிறகு நம் ஊர்ப் பக்கத்தில் அந்தப் பூச்சிக்கே வாத்தியார் என்று பெயர் விழுந்துவிட்டது.

போன ஐப்பசியில், ஆஸ்பத்திரியில் மூன்றே நாள் கிடந்து நீ போய்விட்டாய். சொல்ல வேண்டியது என்னிடமே தங்கிவிட்டது.

இன்று அண்ணன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தூரை மெல்ல விரித்தார். "பையன் மருந்தடிக்கணும்கிறான். நீயும் பாரு. புகையான் ஒண்ணு ரெண்டுதான் இருக்கு." கொஞ்சம் தேடினார். முகம் மலர்ந்தது. "தோ, வாத்தியார் இருக்காரு. மருந்து வேணாம்."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. ஆபீசுக்குப் போகாதது, போனதாக உன்னிடம் சொன்னது, வரப்பில் வாய்மூடி நின்றது, எல்லாவற்றையும் சொல்லி அழுதுவிட்டேன்.

"அந்த மனுசனை வரப்புல நிக்கவெச்சு என்ன பேச்சுப் பேசினேன்" என்றார் அண்ணன். பிறகு தூரை எடுத்து என் கையில் திணித்தார். "வா. நீயே வந்து இதை நட்டுட்டுப் போ. உள்ள வாத்தியார் இருக்காரு, வேரைக் காயவிடாத."

முழங்கால் சேற்றில் இறங்கி நட்டுவிட்டு வந்தேன். வந்ததும் ஒரு பக்கம் வரைந்தேன். மழை பெய்கிற அச்சகம். தொங்கு மீசைக்காரன் ஒருவன், தூரிகையோடு ஒருவன். இரண்டாமவனுக்கு என் மூஞ்சி. வசனம் எழுத நீ இல்லாததால் முதல் தடவையாக நானே எழுதினேன்.

"வேளாண் ஆபீஸ்ல கேட்டியா?"

"இல்லடா. கேக்கல."