மேகமலையில் பிடுங்கிய ஒன்பது செடிகள்

12-10-2008, ஞாயிறு
அல்லிநகரம் வீடு முழுக்கச் செய்தித்தாள்; ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு செடி. மேகமலையில் ஒரே ஒரு ஈரப்பாறையில் பூத்திருந்த காசித்தும்பை. இதுவரை யாரும் பெயர் வைக்காத இனம் என்று நினைக்கிறேன். காட்டியவர் ஏலக்காய்த் தோட்டக் காவலாள் கர்ணன். "நாலஞ்ச விட்டு வைங்க டீச்சர், இன்னும் காய் பிடிக்கல" என்றார். ஒன்பதையும் வேரோடு எடுத்துவிட்டேன். வேறு கல்லூரிக்காரர்கள் முந்திவிட்டால்? "அடுத்த மழைக்குத் தானா முளைக்கும்" என்று அவரிடம் சொன்னேன். தாவரவியல் பாடம் நடத்துகிறவள் சொன்ன பொய்.

3-1-2009
புது இனம்தான். இனி அதை அறிவிக்கும் கட்டுரையில் லத்தீனில் விவரிக்க வேண்டும், அதுதான் விதி. நம் 'தொங்குகிற' என்ற பெயரெச்சம் பூவுக்கும் பூக்களுக்கும் ஒன்றுதான். லத்தீன் எச்சமோ பால், எண், வேற்றுமை எல்லாவற்றுக்கும் உருமாறுகிறது. பெண்டென்ஸ், பெண்டென்டிஸ், பெண்டென்டெம் – குழம்பு அடிப்பிடித்ததுதான் மிச்சம்.

18-1-2009
குருமடத்தில் லத்தீன் படித்த பங்குச் சாமியார் திருத்திக் கொடுத்தார். 'பாறையில் வளர்கின்ற' என்று எழுதியிருந்தேன். "இப்பவும் அங்கன வளருதாம்மா?" என்றார், சும்மாதான். "ஆமா ஃபாதர்." இரண்டாவது பொய்.

20-1-2009
கட்டுரையை அனுப்பக் கை வரவில்லை.

11-10-2009
நல்ல மழைக்குப் பிறகு பாறைக்குப் போனேன். வெறும் பாசி. கர்ணன் திட்டவில்லை, திட்டியிருக்கலாம். "டீச்சர் சொல்லியிருக்காகளேன்னு மூணு தடவ வந்து பாத்தேன்" என்றார். அய்யோ, படிச்சவ சொன்னான்னு நம்பிட்டாரே அந்த மனுஷன்! நான் என்ன ஜென்மம்?

செடிக்கு அவர் பெயரையே வைப்பதாகச் சொன்னேன். அதோடு என் பாவம் கழியும் என்று நினைத்தேனா?

"நான் உசுரோட இருக்கேன். இல்லாமப் போனதுக்கு எதுக்கு டீச்சர் எம் பேரு?"

25-1-2010
கட்டுரையைத் தபாலில் சேர்த்தேன். செடிக்கு மலையின் பெயரையே வைத்துவிட்டேன். 'வளர்கின்ற' போய் 'பறிக்கப்பட்ட' வந்திருக்கிறது. பறித்தது யார் என்று அந்த எச்சம் சொல்லாது. அதனால் அடியில் ஆங்கிலத்தில் ஒரு வரி சேர்த்தேன்: இருந்த ஒன்பதையும் பிடுங்கியவள் நான், விட்டுவைக்கச் சொன்னவர் கர்ணன், இப்போது அங்கே ஒன்றும் இல்லை.

போனில் அவருக்கு அதைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். "சரி டீச்சர்" என்றார். பிறகு, "மேல ஓடைக்கிட்ட வேற ஒன்னு புதுசாப் பூத்திருக்கு. சரியா எங்கனன்னு சொல்ல மாட்டேன், கோவிச்சுக்கிறாதீக" என்றார்.

எங்கே என்று நான் கேட்கவில்லை.