ஆயுத பூஜையன்று நான் அணைத்த கம்ப்யூட்டர்

ஊரப்பாக்கம்
28-11-99, ஞாயிறு

அன்பு மகன் தசரதனுக்கு அம்மா எழுதுவது. ஜெர்மனிக் குளிரில் நீயும் மருமகளும் என் தங்கப் பேத்தியும் ஒரு தும்மல்கூட இல்லாமல் இருக்க வேண்டும் என்று செல்லியம்மனிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவைத் திறந்தேன். இங்கே உடம்பு என்று பார்த்தால் எனக்கும் உங்கப்பாவுக்கும் ஒன்றும் இல்லை, மழைக்கு என் முழங்கால் கொஞ்சம் முனகுகிறது, அவ்வளவுதான். மனசுதான் சரியில்லை, அதைத்தான் எழுதப்போகிறேன், முழுசும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. பன்னிரண்டாவது கம்ப்யூட்டர் பாடம் அனுப்பி ஒரு மாசத்துக்கு மேல் ஆகிறது, அப்பா ஒரு வரி பதில் போடவில்லை, தீபாவளிக்குப் போன் பண்ணினபோதும் பேசவில்லை, மறுபடியும் என்மேல் கோபமா, நான் என்ன தப்பாக எழுதினேன் என்று கேட்டிருந்தாய். தீபாவளி அன்று அவர் குளிக்கிறார் என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா, அது பொய். என் பக்கத்திலேயே நின்றுகொண்டு, இல்லை என்று சொல் என்று கையை ஆட்டினார். ஆனால் அது கோபம் இல்லை கண்ணு, வெட்கம். நீ கொடுத்த கம்ப்யூட்டரைத் தன் கையாலேயே கெடுத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். கெடுத்தது அவர் இல்லை, நான்.

எப்படி என்று சொல்வதற்கு முன்னால் ஏன் என்று சொல்லிவிடுகிறேன். ரயில்வேயில் அவர் சொல்லி வைத்த வேலைக்கு நீ பரீட்சை எழுதப் போகாமல் கம்ப்யூட்டர் படிக்கப் போனாயே, அன்றைக்கு 'ஒரு பொட்டி முன்னாடி குந்திகினு தட்டினா சோறு வருமாடா' என்று கேட்டவர், அதற்கப்புறம் ஏழு வருஷம் உன்னோடு பேசவில்லை. நீயும் பேசவில்லை. அப்பாகிட்ட சொல்லும்மா என்று நீ, அவன்கிட்ட சொல்லு என்று அவர். உன் கல்யாணப் பேச்சு, நீ விமானம் ஏறிய தேதி, பேத்தி பிறந்த நேரம் எல்லாமே என் வாய் வழியாகத்தான் அவர் காதுக்குப் போயிற்று. உங்கள் இருவரையும் பேச வைக்க நான் வேண்டாத சாமி இல்லை. போன வருஷம் நீ வந்தபோது உன் சிநேகிதன் ஜெயவேலுவைத் தாம்பரத்திலிருந்து வரவழைத்து, பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கூடத்தில் வைத்து, ஏதோ புத்தகத்தோடு வந்த சி.டி.யைப் போட்டு லினக்ஸ் ஏற்றிவிட்டுப் போனாய். ரிட்டையர் ஆனதிலிருந்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒருநாள் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அதைத் தொட்டார். அடுத்த வாரம் உனக்குச் சந்தேகம் கேட்டுத் தன் கையாலேயே கடிதம் எழுதினார், நீயும் ஒவ்வொரு பாடமாக எழுதி அனுப்ப ஆரம்பித்தாய். என் வேண்டுதல் பலித்தது. அன்றிலிருந்து என் வயிறு எரிய ஆரம்பித்தது.

ஆமாம் தம்பி, வயிற்றெரிச்சல்தான், வேறு நல்ல பெயர் வைக்க நான் விரும்பவில்லை. முன்னே உன் கவரின்மேல் என் பெயர் இருக்கும், அப்புறம் உங்கப்பா பெயர் வந்துவிட்டது. உள்ளே நாலு பக்கம் பாடம், கடைசியில் 'அம்மாவுக்கு அன்பு' என்று ரெண்டே வார்த்தை. பேத்தி முதல் தடவை பள்ளிக்கூடப் பை மாட்டிக்கொண்டு நிற்கிற போட்டோவைக்கூடப் பாடத்தோடு வைத்து அனுப்பியிருக்கிறாய். அவர் அதை நோட்டில் ஏழாம் பாடத்துக்கு அடையாளமாக வைத்திருந்தார், தூசி தட்டும்போதுதான் நான் பார்த்தேன். என்னைப் போலவே நெற்றி அவளுக்கு. அந்த நெற்றியை, போட்டோ வந்து ஒரு மாசம் கழித்துத்தான் நான் பார்த்தேன்.

நீ எழுதுவதை அவர் உரக்கப் படித்துக் காட்டுவார். 'அவசரமே இல்லப்பா, ஒரு நாளைக்கு ஒரு கமாண்டு போதும், மறந்துட்டா மறுபடியும் அடிங்க, இங்க யாரும் மார்க் போடப் போறதில்ல' என்று எழுதியிருந்தாயே, அதையும் அப்படித்தான் கேட்டேன். அவசரமில்லை என்று இந்த அறுபத்தோரு வயதில் என்னிடம் ஒருத்தரும் சொன்னதில்லை. ஐந்தாவதில் நான்தான் முதல் மார்க், மறுநாளே களை எடுக்க அனுப்பிவிட்டார்கள். இன்றைக்கும் இந்தத் தெருவில் மூன்று வீட்டுக்கு நான்தான் கடிதம் எழுதித் தருகிறேன், ரேஷன் கார்டுக்கு மனு எழுதித் தருகிறேன். அம்மாவுக்கு ஒரு பாடம் அனுப்பலாம் என்று உனக்குத் தோன்றவில்லை. அவர் காலையில் காபி குடித்துவிட்டு உட்கார்ந்தால் எல்.எஸ். என்று ரெண்டு எழுத்துத் தட்டி, வருகிற பட்டியலைப் பார்த்து அரை மணி நேரம் தலையாட்டுவார். கடைக்குப் போய் வரக் கூப்பிட்டால் 'இரு கிளி, இப்பதான் டைரக்டரி உள்ள பூந்துகினு கீறேன்' என்பார். எதிர் வீட்டுக் கங்கையம்மாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, 'இன்னாக்கா, உங்க வூட்டுக்காரரு இந்த வயசுல சின்ன வூடு வச்சுக்கினாரா, எந்நேரமும் பொட்டியாண்டயே கீறாரு' என்று சிரித்தாள். நானும் கூடச் சிரித்தேன், சிரித்துவிட்டு உள்ளே போய்ப் பாத்திரத்தை உருட்டினேன். ஒருநாள் அவரே என்னைக் கூப்பிட்டு, எங்களுக்குக் கல்யாணமான மாசத்தின் காலண்டரைத் திரையில் வரவழைத்துக் காட்டினார். அமாவாசை இல்லை, முகூர்த்தம் இல்லை, ராகு காலம் இல்லை, இதெல்லாம் ஒரு காலண்டரா என்றேன். 'உனக்கு இன்னா தெரியும், இது எங்க ரெண்டு பேரு விசயம்' என்றார். எங்க ரெண்டு பேர் என்றால் அவரும் நீயும். ஏழு வருஷம் நடுவில் நின்றவளைப் பார்த்து அப்படிச் சொன்னார்.

ஆயுத பூஜை திங்கட்கிழமை வந்தது. ஏழரைக்கு ராகு காலம், அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று நாலு மணிக்கே எழுந்து அரிவாள்மணை, தையல் மிஷின், அவருடைய ஸ்பேனர், சைக்கிள் எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்துவிட்டேன். அவர் ஆறு மணியிலிருந்து கம்ப்யூட்டரைவிட்டு எழவில்லை. நீ அனுப்பிய புதுப்பாடம், ஆர்.எம். என்று தட்டி ஃபைலை அழிக்கிறது. இன்றைக்கு ஆயுதத்துக்கெல்லாம் ஓய்வு, தொடக் கூடாது என்று மூன்று தரம் சொன்னேன். 'தோ, ரெண்டு நிமிசம்' என்று சொல்லிவிட்டு, ஓடுகிறதை அப்படியே விட்டுக் குளிக்கப் போனார். மணி ஏழு பத்து. சுவர் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கி, அதன் தலையில் ஒரு முழம் சாமந்தியை வைத்தேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று எழுதலாம், நீயும் நம்புவாய். ஆனால் அதைச் சட்டென்று அணைக்கக் கூடாது, முதலில் அதற்கான கமாண்டு கொடுத்து, முடிந்தது என்று அது சொன்ன பிறகுதான் சுவிட்சைத் தொட வேண்டும் என்று உன் முதல் பாடத்திலேயே இருந்தது. அவர் அதைத் தமிழில் பெரிசாக எழுதிச் சுவரில் ஒட்டியும் வைத்திருந்தார். நான் அதைப் படித்துவிட்டுத்தான் பிடுங்கினேன். சாமிக்காக என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் விஜயதசமி. குளித்து விபூதி இட்டு, நல்ல நேரம் பார்த்து ஆன் பண்ணினார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடிப் பாதியில் நின்று என்னவோ கேட்டது, எதைத் தட்டினாலும் அதையே திரும்பக் கேட்டது. அணைத்துப் போட்டாலும் அதே இடத்தில் வந்து நின்றது. 'நேத்து ஆர்.எம். அடிச்சேனே கிளி, தப்பா எதையோ அழிச்சுட்டேன் போல' என்றார். நான் ஊதுபத்திச் சாம்பலைத் துடைத்துக்கொண்டிருந்தேன், நிமிரவில்லை. ஜெயவேலுவைக் கூப்பிடலாமே என்று பேச்சுக்குச் சொன்னேன். 'வாணாம், அவன் உடனே தசரதன்கிட்ட சொல்லிடுவான். பொட்டியப் பத்தி அவனாண்ட எளப்பமா பேசுனவன் நான், இப்ப எந்த மூஞ்ச வச்சுகினு சொல்றது. நீ லெட்டர் போடும்போது அப்பா சௌக்கியம்னு மட்டும் எழுதிடு' என்றார். பழையபடி என் வழியாக. உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. தீபாவளிக்கு உன் குரல் முழுசும் எனக்கே கிடைத்தது, பேத்தி ஆயா என்று சொன்னதும் எனக்கு மட்டும்தான் கேட்டது. பக்கத்தில் நின்றவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

போன வாரம்தான் பயந்துவிட்டேன். என் பழைய புடவையை எடுத்துக் கம்ப்யூட்டரைப் போர்த்தினார், பாட நோட்டைக் கயிறு போட்டுக் கட்டிப் பரண்மேல் வைத்தார். 'ஜெயவேலு கூடுவாஞ்சேரி பக்கம் வந்தா இத எடுத்துகினு போவச் சொல்லு, நமக்கு வராது' என்றார். அப்புறம் போய் உட்கார்ந்து விட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தார். அதற்குமேல் உன் கடிதம் வேறு, கோபமா கோபமா என்று. நான் இப்போது வாயைத் திறக்காவிட்டால் உங்களுக்கு இன்னொரு ஏழு வருஷம் ஆகிவிடும், அவருக்கு இப்போதே அறுபத்தெட்டு.

வெள்ளிக்கிழமை அவர், உயிரோடுதான் இருக்கிறேன் என்று பென்ஷனுக்காகக் கையெழுத்துப் போடத் தாம்பரம் போனார். நான் புடவையை எடுத்துவிட்டு ஆன் பண்ணி அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். திரையில் நின்ற எழுத்தை எல்லாம் பார்த்துப் பார்த்துத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன், இத்தோடு வைத்திருக்கிறேன். அர்த்தம் தெரியாது, நீ ஒன்றாம் வகுப்பில் ஏ பி சி டி எழுதியபோது உன்னோடு எழுதிப் பழகியதுதான், ஆனால் ஒரு புள்ளி விடவில்லை. ஒரு மணி நேரம் ஆயிற்று. குக்கர் கத்தியது, கத்தட்டும் என்று விட்டேன். கங்கையம்மாள் வந்து 'இன்னாக்கா நீயுமா' என்றாள், இரு என்று கையைக் காட்டினேன். அவர் ஏன் கூப்பிட்ட குரலுக்கு வருவதில்லை என்று அப்போது கொஞ்சம் புரிந்தது. சுவரில் இருந்த கமாண்டைத் தட்டினாலும் அது கேட்கவில்லை, எப்படி அணைப்பது என்று தெரியாமல் பத்து நிமிஷம் விழித்துவிட்டுக் கடைசியில் சுவிட்சையேதான் அணைத்தேன், அதையும் எழுது.

இப்போது நான் கேட்பது இதுதான். என்ன தட்ட வேண்டும், எங்கே இடம் விட வேண்டும், அது என்ன கேட்கும், நான் என்ன சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு எழுத்தாக எழுது. பாஸ்வேர்டு கேட்டால் அது நோட்டின் பின்னட்டையில் இருக்கிறது, பார்த்துவிட்டேன். கவரின்மேல் திருமதி கிளியம்மாள் என்று போடு. அதே தபாலில் அப்பாவுக்குத் தனிக் கவர் போடு, அதில் கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் கேட்காதே, எப்படி இருக்கிறீர்கள் என்று மட்டும் கேள், அவருக்கு அது போதும். கம்ப்யூட்டர் ஓடியதும் பிடுங்கியது நான்தான் என்று அவரிடம் நானே சொல்லிவிடுகிறேன். திட்டுவார், வாங்கிக்கொள்கிறேன். அதன்பிறகு நீங்கள் இருவரும் எவ்வளவு வேண்டுமானாலும் பேசிக்கொள்ளுங்கள், எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கும், அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் இந்த ஒரு பாடம் என்னுடையது. அப்பாவுக்கு எழுதுவதைவிட ஒரு வரிகூடக் குறையக் கூடாது.

மருமகளை வேளைக்குச் சாப்பிடச் சொல், பேத்தியைக் காதை மூடாமல் வெளியே அனுப்பாதே. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயசு வாழ அம்மன் துணை இருப்பாள். ஜெயவேலுவுக்கு இன்றைக்கே எழுது, உன் பதில் எனக்கு வந்து சேரும்வரை அவன் ஊரப்பாக்கம் பக்கமே வரக் கூடாது.

இப்படிக்கு,
உன் அம்மா
கிளியம்மாள்