என் மகனை அவன் அப்பாவின் பேருந்திலிருந்து இறக்கிவிடக் கோரி

அனுப்புநர்:
பள்ளிச் சீருடை தைக்கும் தையற்காரர்,
ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தாய்.
(பெயரும் கதவு எண்ணும் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன. தனித்தாள் ஏன் என்பது படிக்கும்போது விளங்கும்.)

பெறுநர்:
போக்குவரத்து மேலாளர் அவர்கள்,
பள்ளிப் பேருந்துப் பிரிவு.

பொருள்: பணியாளர் குழந்தைகளுக்கான இலவசப் பயணச் சலுகையை என் மகனுக்கு மட்டும் ரத்து செய்தல் – இரவில் பேருந்தை எங்கள் வாசலில் நிறுத்தாமல் பள்ளிக் கொட்டகையில் நிறுத்த ஆணையிடல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்களுக்கு வரும் மனுக்களில் பெரும்பாலானவை பேருந்து வரவில்லை, நிற்கவில்லை, உட்கார இடமில்லை என்ற வகையைச் சேர்ந்தவையாக இருக்கும். என் குறை அந்த வகையல்ல. எங்கள் வீட்டுக்குப் பேருந்து தவறாமல் வருகிறது. வாசலிலேயே நிற்கிறது. என் மகனுக்கு முன் இருக்கையும் கிடைக்கிறது. இதையெல்லாம் தயவுசெய்து நிறுத்தித் தரும்படிதான் கேட்கிறேன்.

1. மேற்படி பேருந்தின் ஓட்டுநர், தங்கள் பிரிவில் பல ஆண்டுகளாக ஒரு கீறல்கூட விழாமல் வண்டி ஓட்டி வருபவர். அவர்மீது மனு வருவது தங்களுக்கு வியப்பாக இருக்கலாம். எழுதும் எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. அவர் என் கணவர். இதை முடித்துவிட்டு நான் அவருக்குச் சாப்பாடு போட வேண்டும்.

2. எங்கள் மொட்டைமாடியில் நின்று துணி காயப்போட்டால் பள்ளியின் தண்ணீர்த் தொட்டி தெரியும். இடையில் ஒரு மரக்கடை, ஒரு மருந்துக்கடை, இரண்டு திருப்பங்கள், அவ்வளவுதான். ஆனால் பேருந்து இரவில் எங்கள் வாசலில் நிற்பதால் காலையில் முதலில் ஏறுபவன் என் மகன். ஊரின் மறுகோடி வரை போய், எல்லாப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு, கடைசியில் அந்தத் தண்ணீர்த் தொட்டிக்கடியில் வந்து இறங்குகிறான். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதற்கு இவ்வளவு டீசல் செலவழித்தவர்கள் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். மாலையிலும் இதே ஊர்வலம்தான். எல்லோரையும் வீட்டில் சேர்த்துவிட்டுக் கடைசியாக இறங்குவதும் அவனே. அதற்குள் தெருவிளக்கு எரிந்திருக்கும், தெருப்பிள்ளைகள் ஆடி முடித்துக் கைகால் கழுவிக்கொண்டிருப்பார்கள்.

3. இந்தப் பயணத்துக்காக அவனை விடியுமுன் எழுப்ப வேண்டியிருக்கிறது. எழுப்புவது என்று மரியாதைக்கு எழுதுகிறேன், உண்மையில் தூக்கி நிறுத்துகிறேன். கண்ணை மூடிக்கொண்டே பல் துலக்குவான், கண்ணை மூடிக்கொண்டே சட்டை மாட்டுவான். ஒருநாள் நான் தைத்து மடித்து வைத்திருந்த இன்னொரு பையனின் சட்டையைத் தூக்கக் கலக்கத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டான். மாலையில் பார்த்துச் சிரித்தேன். அது எட்டாம் வகுப்புப் பையனின் சட்டை, இவனுக்குக் கச்சிதமாக இருக்கிறது என்று கவனித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

4. சாலைப் பாதுகாப்புப் படங்கள் காட்டுவதற்காக ஓட்டுநரின் இருக்கைக்குப் பின்னால் தங்கள் பிரிவு ஒரு டிவி பொருத்திக் கொடுத்தது. சாலைப் பாதுகாப்பு முதல் வாரத்தோடு முடிந்துபோனது. இப்போது காலையும் மாலையும் அதில் ஒரு கார்ட்டூன் பூனை ஓடுகிறது. அந்தப் பேருந்துக்குள் கைகாலை அசைத்து ஓடும் ஒரே ஜீவன் அந்தப் பூனைதான். ‘டிவி போட்டாத்தான் புள்ளைங்க கத்தாம வர்றாங்க’ என்பது ஓட்டுநர் தரப்பு வாதம். நாற்பது பிள்ளைகள் கத்தும் வண்டியை வளைவில் திருப்புகிறவரின் பாடு எனக்கும் புரிகிறது. ஆனால் முன் இருக்கையில் உட்கார்ந்திருப்பவனுக்கு டிவி மூக்குக்கு நேரே இருக்கிறது. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பூனையை அப்பாவின் போனில் தொடர்ந்து பார்க்கிறான். போனைப் பிடுங்கி வைத்தாலும் அவனுக்குச் சட்டென்று தூக்கம் வருவதில்லை. அவன் அயர்ந்து தூங்கத் தொடங்கிய சற்று நேரத்தில் மறுபடியும் தூக்கி நிறுத்தும் வேளை வந்துவிடுகிறது.

5. பள்ளியில் எடை பார்த்தவர்கள், குழந்தை மருத்துவரிடம் காட்டச் சொன்னார்கள். என்னதான் போட்டு வளர்க்கிறீர்கள் என்று அந்த டாக்டரம்மா என்னைப் பிடித்துக்கொள்வார் என்று பயந்துகொண்டே போனேன். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார்தான். ஆனால் அதைவிட அதிகமாக, எப்போது படுக்கிறான், எப்போது எழுகிறான், சாயந்திரம் என்ன விளையாடுகிறான் என்று அவனிடமே விசாரித்தார். ‘பஸ்ல உக்காந்திருப்பேன்’ என்று என் மகன் உள்ளதைச் சொன்னான். பிறகு மருத்துவர் என்னிடம், ‘தட்டுல சோத்தைக் கொறச்சா மட்டும் போதாதும்மா. தூக்கம் கொறஞ்சா பசி ஏறும். சோர்ந்துபோன புள்ள ஓடாது, டிவி முன்னாடி உக்காரும். உக்காந்தே கெடந்தா ராத்திரி தூக்கம் வராது. ஒண்ணை ஒண்ணு இழுத்துக்கிட்டே போகும். தூக்கம், ஆட்டம், டிவி மூணையும் சேர்த்து மாத்துங்க’ என்றார். மூன்றும் மூன்று இடத்திலிருந்து வந்திருந்தால் மூன்று அலுவலகங்களுக்கு எழுதியிருப்பேன். மூன்றும் ஒரே பேருந்தில் ஏறி வருவதால் தங்களை மட்டும் தொந்தரவு செய்கிறேன்.

6. பேருந்தில் மற்ற பிள்ளைகள் அவனை ‘ரெண்டு டிக்கெட்’ என்று கூப்பிடுகிறார்கள். அவனும் சேர்ந்து சிரிக்கிறானாம். ஓட்டுநர் அதைப் பிள்ளைகளின் விளையாட்டு என்கிறார். போன வாரம் கால்சட்டை இடுப்பைப் பிரித்துவிட அளவு எடுத்தேன். நாடாவைக் கொண்டுபோனதும் என் மகன் மூச்சைப் பிடித்து வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டான். நான் அவன் அம்மா. என்னிடமே ஒளிக்கிறான். ஐயா, எனக்குத் தாங்கவில்லை. அன்று இரவுதான் மனு எழுதுவது என்று முடிவு செய்தேன்.

7. வீட்டில் பேசித் தீர்த்துக்கொள்ளக் கூடாதா என்று தாங்கள் கேட்கலாம். பேசிப் பேசி என் வாய்தான் வலிக்கிறது. ‘இவ்ளோ பெரிய பஸ்ஸையே ஓட்டுறேன், என் புள்ள நடந்து போறதா? பாக்குறவங்க என்ன நெனைப்பாங்க?’ என்கிறார். விடாமல் கேட்டால், ‘ஆபீஸ்லருந்து எழுத்துல வரட்டும், பாக்கலாம்’ என்று முடித்துவிடுகிறார். இது தட்டிக் கழிக்கும் பேச்சல்ல. அலுவலகத்தின் எழுத்து அவருக்கு வேதம். பணியாளர்கள் கறுப்பு ஷூ அணிய வேண்டும் என்று தங்கள் சுற்றறிக்கை வந்த வாரம், காய்கறி வாங்கக்கூட அவர் கறுப்பு ஷூவில்தான் போனார். என் பேச்சுக்குக் கோப்பு எண் கிடையாது. அதுதான் சிக்கல்.

8. அவர் கெட்ட தகப்பன் அல்ல என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன். நாள் முழுக்க வண்டியிலேயே இருப்பவர், பிள்ளை பக்கத்திலாவது இருக்கட்டும் என்றுதான் முன் இருக்கையில் உட்கார வைக்கிறார். மகனும் அந்த இருக்கையை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. ஆகவே அவனை இறக்கிவிடக் கேட்பது எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் சென்ற மாதம் பேருந்து ஒரு வாரம் பட்டறையில் கிடந்தது. மகன் முகத்தில் வெயில் படும்வரை தூங்கினான். வேறு வேலை இல்லாத ஓட்டுநர் அவனை நடத்தியே பள்ளிக்குக் கூட்டிப்போனார். மாலையில் அழைக்கப் போனால் இவன் மைதானத்தை விட்டு வர மறுத்து, புழுதியோடு புழுதியாக ஆடிக்கொண்டிருந்தானாம். இரண்டாம் நாளே பூனையைக் கேட்காமல் தூங்கிவிட்டான். அந்த வாரக் கடைசியில் அவன் அப்பா வாசற்படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றியவர், கழற்றிய ஷூவைக் கையில் வைத்துக்கொண்டே என்னிடம், ‘ரெண்டு வருஷமாப் பக்கத்துலயே வெச்சுக்கிட்டுப் போறேன். இவன் இவ்ளோ பேசுவான்னு எனக்குத் தெரியவே தெரியாது’ என்றார். திங்கட்கிழமை பேருந்து சரியாகி வந்து வாசலில் நின்றது. மகனை மறுபடியும் தூக்கி நிறுத்தினேன்.

ஆகவே, பேருந்து அடிக்கடி பழுதாக வேண்டும் என்று வேண்டிக்கொள்வது முறையல்ல என்பதால், கீழ்க்கண்டவற்றைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அ) என் மகனின் இலவசப் பயணச் சலுகையை உடனே ரத்து செய்ய வேண்டும். காலையில் அவனை நான் நடத்திக் கூட்டிப்போவேன்.

ஆ) கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்ட பின் பேருந்தைப் பள்ளிக் கொட்டகையிலேயே விட்டுவிட்டு வரும்படி ஓட்டுநருக்கு ஆணையிட வேண்டும். அதுவரை என் மகன் மற்ற பிள்ளைகளோடு மைதானத்தில் ஆடிக்கொண்டிருப்பான். காவலாளியிடம் கேட்டுவிட்டேன், ‘தாராளமா ஆடட்டும், நான் பாத்துக்கறேன்’ என்றார். வண்டியை விட்டதும் அப்பாவும் மகனும் ஒன்றாகக் கிளம்பலாம்.

இ) டிவியை அணைப்பதா என்பது தங்கள் விருப்பம். மற்ற தாய்மார்களும் மகிழ்வார்கள் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஓட்டுநருக்கு விளக்கம் கேட்கும் கடிதமோ தண்டனையோ வேண்டாம். வெறும் உத்தரவு போதும். அதில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை வரக் கூடாது. ‘நிர்வாகக் காரணங்களுக்காக’ என்று ஒரு வரி இருந்தால் அவர் அதற்கு மேல் எதுவும் கேட்க மாட்டார். அப்பாவும் மகனும் தெருவிளக்குகளுக்குக் கீழே பேசிக்கொண்டே வீட்டுக்கு நடந்து வருவதுதான் அந்த நிர்வாகக் காரணம் என்பது தங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்திருக்கட்டும்.

இடம்: பேருந்து நிற்கும் வீடு
நாள்: ஞாயிறு, ஓட்டுநர் வார விடுப்பில் உறங்கும் பிற்பகல்

தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
மாணவனின் தாய், ஓட்டுநரின் மனைவி