மூன்று நாள் பறக்க வேண்டிய கொடி

அடியே இலுப்பூர்க்காரி,

இன்று காலை எங்கள் ஊராட்சிச் செயலர் வாசலில் வண்டியை நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் எங்கள் மொட்டைமாடியை அண்ணாந்து பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு, "இந்தத் தடவ என்ன கோரிக்கம்மா?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லண்ணே."

"ஒண்ணுமில்லாமலா நாலு நாளா கறுப்புக் கொடி பறக்குது? சாக்கடையா, தெருவெளக்கா? எதுவா இருந்தாலும் எங்கிட்டயே சொல்லுங்க, எழுதிக்கிறேன். கலெக்டர் ஆபீசு வரைக்கும் போயிராதீங்க."

நான் மறுபடியும் ஒன்றுமில்லை என்றேன். அவர் நம்பவில்லை. படித்தவர்கள் ஒன்றுமில்லை என்று சொன்னால்தான் அவருக்குப் பயம் அதிகமாகும் போலிருக்கிறது. முகம் வெளுத்துப் போய் வண்டியை எடுத்தார்.

மேலே பறப்பது உன் கொடிதான். சொங்னாம் ஊர்க் கால்பந்து அணியின் கொடி. கறுப்புத் துணி, நடுவில் ஒரு பறவை. கொரியாவில் அந்தப் பறவை கத்தினால் வீட்டுக்கு விருந்தாளி வருவார்களாம். நம்மூர்க் காக்கைக்கு வெள்ளை பனியன் மாட்டிவிட்ட மாதிரி இருக்கும். பீரோவின் அடித்தட்டில் பட்டுப்புடவைக்குக் கீழே பல வருடம் கிடந்ததால் நாலு நாள் வெயிலில் ஆடியும் அதிலிருந்து அந்துருண்டை வாசனை போகவில்லை. துணி காயப்போட மாடிக்குப் போகும்போதெல்லாம் அந்த வாசனை மூக்கில் ஏறுகிறது, உடனே உன் குரல் காதில் விழுகிறது.

உன் குரலை நான் முதன்முதலில் கேட்டதும் இந்தக் கொடியை முன்னிட்டுத்தான். நான் சுவோனில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். நீ பக்கத்து ஊரான சொங்னாமில், கம்ப்யூட்டர் கம்பெனியில். நமக்குள் அறிமுகம் கிடையாது. இரண்டு ஊருக்கும் தனித்தனிக் கால்பந்து அணி. அந்த வருடம் இரண்டு மேயர்களும் ஒரு பந்தயம் பேசி வைத்திருந்தார்கள். தோற்ற ஊரின் மைதானத்தில் ஜெயித்த அணியின் கொடி பறக்கவேண்டும். கூட வேலை பார்த்தவர்கள் கையில் டிக்கெட்டைத் திணித்து என்னை இழுத்துப் போனார்கள். கால்பந்தைப் பற்றி அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், பந்தைக் காலால் உதைப்பார்கள் என்பதுதான்.

கொரியாக்காரர்கள் கத்துவதில் ஓர் ஒழுங்கு உண்டு. மேளம் அடித்து, பாட்டுப் பாடி, ஒரே நேரத்தில் கை தட்டி, ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள். அப்படி எல்லோரும் நிறுத்திய ஒரு நொடியில் எதிர்ப்பக்கக் கூட்டத்திலிருந்து ஒரு குரல் கிளம்பியது.

"ஏய்! அங்கிட்டு ஓடுறா, அங்கிட்டு! இங்கிட்டு என்ன ஒங்கப்பன் வீட்டு விசேசமா நடக்குது?"

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. இத்தனை கடல் தாண்டி வந்த இடத்தில் 'அங்கிட்டு' என்ற சொல் காதில் விழும் என்று யார் நினைத்தார்கள்? யோசிக்காமல் நானும் எழுந்து நின்று, "அவன் எங்கிட்டும் ஓட மாட்டான், ஒக்காருங்க!" என்று கத்தினேன். என்னைச் சுற்றியிருந்தவர்கள் நான் ஏதோ புதுப் பாட்டு ஆரம்பிக்கிறேன் என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

ஆட்டம் சமனில் முடிந்தது. யார் கொடியும் ஏறவில்லை. நீ கழுத்தில் கறுப்புத் துண்டைச் சுற்றிக்கொண்டு வாசலில் எனக்காகக் காத்திருந்தாய்.

"நீங்கதானே கத்துனது? எந்த ஊருங்க?"

"புதுக்கோட்டைங்க."

"புதுக்கோட்டையில எங்கிட்டு?"

"திருவரங்குளம் பக்கம்."

"நான் இலுப்பூருங்க" என்றாய். ஊர்க்காரியைக் கண்ட சந்தோஷத்தில் நான் வாய் திறப்பதற்குள், "ஒங்க கோல்கீப்பரு வேணும்னே நேரத்தக் கடத்துனான், பாத்தீங்கள்ல?" என்றாய். நான் இல்லை என்றேன். பஸ் வருவதற்குள் 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது. பஸ்ஸில் ஏறும்போது 'போடி' வந்துவிட்டது. அவ்வளவு சீக்கிரம் முற்றிய நட்பு எனக்கு வேறு வாய்க்கவில்லை.

மேயர்கள் பேசிய பந்தயத்தை நாமும் பேசிக்கொண்டோம். உன் கொடி என்னிடம், என் கொடி உன்னிடம். தோற்றவள் ஜெயித்தவளின் கொடியைத் தன் வீட்டில் மூன்று நாள் பறக்கவிடவேண்டும், போட்டோ எடுத்து அனுப்பவேண்டும். அங்கே இருந்தவரை ஜன்னலில் கட்டினோம், ஒரு பிரச்சினையும் இல்லை. அந்த ஊரில் கொடியைப் பார்த்தால் கொடி என்றுதான் நினைப்பார்கள். நம் அணிகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டே ஒரே வருடத்தில் இரண்டும் கீழ்ப்பிரிவுக்கு இறங்கின. அப்போதும் நாம் திருந்தவில்லை. யார் அதிக மானத்தோடு இறங்கியது என்று ஒரு வாரம் சண்டை போட்டோம்.

பிறகு எனக்கு வேலை ஒப்பந்தம் முடிந்தது, ஊருக்கு வந்து புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் சேர்ந்தேன். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று உன் கம்பெனி சொன்னதும் நீயும் இலுப்பூருக்கு வந்துவிட்டாய். உன் வீட்டுக்காரர் துபாயில்; வீட்டில் நீயும், பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற உன் மாமனாரும். நடுவில் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்ட். பந்தயம் மட்டும் அப்படியே இருந்தது.

ஊருக்கு வந்தபின் முதலில் தோற்றது நான். ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி ஆட்டம், செல்போனில் பார்த்தேன். முடிந்த கையோடு என் வீட்டுக்காரர் மாடியில் டிஷ் கம்பியில் உன் கொடியைக் கட்டிவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார். சாயங்காலத்துக்குள் வாசலில் தெருவே கூடிவிட்டது. பக்கத்து வீட்டு சரோஜா அக்காவுக்கு என் மேல் நிஜமான வருத்தம்.

"போராட்டம்னு முன்னாடியே சொல்லியிருந்தா நாங்களும் கட்டியிருப்போம்ல? நீ மட்டும் தனியா நின்னா என்ன அர்த்தம்?"

நான் விளக்கம் சொல்லச் சொல்ல அவர் தலையாட்டினார். மறுநாள் காலை அவர் வீட்டு மாடியில், அவருடைய வீட்டுக்காரர் சபரிமலைக்குக் கட்டிப்போன கறுப்பு வேட்டி பறந்தது. பத்து மணிக்குள் ஐந்து வீட்டில் பறந்தது. அன்று பார்த்துத்தான் கலெக்டர் அந்த வழியாக ஏதோ ஊருக்குப் போவதாக இருந்தது. ஊராட்சிச் செயலர் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"ஏம்மா, காலேஜ்ல பாடம் நடத்துறவங்க நீங்களே இப்புடிப் பண்ணலாமா?"

"கொரியாவுல ஒரு மேட்ச் தோத்துப்போச்சுண்ணே. அதுக்குத்தான் கட்டுனேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நக்கல் பண்ணாதீங்கம்மா. குடிதண்ணிதானே? மத்தியானத்துக்குள்ள வந்துரும்."

வந்துவிட்டது. எத்தனை மனு கொடுத்தும் வராத தண்ணீர், தெருக்கோடிக் குழாய் வரை வந்துவிட்டது. உனக்குப் போன் பண்ணிச் சொன்னபோது விக்கல் எடுக்கும் வரை சிரித்தாய். "பாத்தியா, என் காக்கா தண்ணி கொண்டாந்துருச்சு" என்றாய். அதிலிருந்து எங்கள் தெருவுக்குக் கால்பந்தில் அக்கறை வந்துவிட்டது. "அடுத்த மேட்ச் எப்ப? ஜெயிச்சுகிச்சுத் தொலைச்சுராதீங்க, சாக்கடை பாக்கி இருக்கு" என்று சரோஜா அக்கா கோயிலில் வைத்தே சொல்வார்.

அடுத்தது நீ தோற்றாய். இலுப்பூர் மாடியில் என் கொடி ஏறியது. அதிலிருந்த கொரிய எழுத்தைப் பார்த்த உன் மாமனார் கொதித்துப்போனார்.

"நான் பனியில நின்னு எல்லையக் காத்தவன். என் வீட்டு மாடியிலேயே சீனாக்காரன் கொடியா?"

சீனா வேறு, கொரியா வேறு என்று நீ உலகப்படத்தை விரித்துக் காட்டினாய். அவர் படத்தையும் பார்க்கவில்லை, உன்னையும் பார்க்கவில்லை. அந்தக் கொடியின் நிழலில் நடக்கமாட்டேன் என்று மூன்று நாளும் கொல்லைப்புற வாசல் வழியாகத்தான் போய் வந்தார். நீ சோற்றைத் தட்டில் போட்டுக் கொல்லைக்கே கொண்டுபோய்க் கொடுத்தாய். ஆனாலும் ஒரு மணி நேரம் முன்னதாகக்கூடக் கொடியை இறக்கவில்லை. மூன்று நாள் என்றால் மூன்று நாள்.

அதற்கப்புறம் நம் அணிகள் மோதவே இல்லை. ஒன்று மேல்பிரிவு, ஒன்று கீழ்ப்பிரிவு. அந்த இடைவெளியில் உன் உடம்பு கெட்டது. அதைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை, நீயும் அதைப் பற்றிப் பேசியதில்லை. மறுபடி இரண்டும் ஒரே பிரிவில் என்று அட்டவணை வந்த அன்று நீ தஞ்சாவூரில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தாய். அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்து காட்டினேன். எழுந்து உட்கார்ந்துவிட்டாய்.

"இந்தத் தடவ ஒன் மாடியில என் காக்கா பறக்கணும்டி. அது ஒண்ணப் பாத்துட்டாப் போதும்."

அப்போது நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். "அதுக்கு மேட்ச் எதுக்குடி? இன்னைக்கே போயிக் கட்டிட்டு போட்டோ அனுப்புறேன்" என்றேன். நீ முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாய். அவ்வளவு கோபத்தை உன்னிடம் நான் பார்த்ததில்லை.

"தோக்காமக் கட்டுனா அது வெறும் துணிடி. எரக்கப்பட்டுத் தோக்குறவ எனக்கு வேணாம்."

ஆட்டத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது நீ போய்விட்டாய்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு நான் மட்டும் உட்கார்ந்து பார்த்தேன். பாதி ஆட்டத்தில், "அங்கிட்டு ஓடுறா, அங்கிட்டு!" என்று ஒரு சத்தம் கேட்டது. அது என் சத்தம்தான். உன் ஆட்களுக்காக நான் கத்திக்கொண்டிருந்தேன். அவர்களுக்கு அது கேட்கவில்லை. என் அணி ஒரே ஒரு கோல் போட்டு ஜெயித்துவிட்டது. இத்தனை வருடத்தில் என் அணி கோல் போட்டதற்காக நான் அவர்களைத் திட்டியது அன்றுதான்.

கொஞ்ச நேரத்தில் உன் மாமனாரிடமிருந்து போன். "மேட்சு முடிஞ்சுருச்சா ஆத்தா? யாரு ஜெயிச்சது?"

ஒரு மாதம்கூட ஆகாத துக்க வீடு. முழங்கால் வலியோடு அந்த மனுஷன் மாடியேறி, தனக்குக் கண்ணால் காணப் பிடிக்காத கொடியைக் கட்டுவதை நினைத்துப் பார்த்தேன். "நீங்கதாம்ப்பா ஜெயிச்சீங்க" என்றேன். "அப்புடியா, சரி" என்று வைத்துவிட்டார். சொன்ன பொய்க்குக் காவலாக பீரோவைத் திறந்து உன் கொடியை எடுத்து மாடியில் கட்டினேன். கட்டும்போதே நீ திட்டுவது கேட்டது. திட்டிக்கொள், பரவாயில்லை என்று முடிச்சை இறுக்கினேன்.

மூன்று நாள் முடிந்தது. நேற்றுச் சாயங்காலம் இறக்கலாம் என்று மாடிக்குப் போனபோது அவர் மறுபடி கூப்பிட்டார்.

"ஆத்தா, எங்கிட்ட எதுக்குப் பொய் சொன்ன?"

அவிழ்க்கப் போன முடிச்சை அப்படியே விட்டேன்.

"மேட்ச் பாக்குறதுக்கு இந்தப் போன்ல எல்லாத்தையும் போட்டுக் குடுத்துட்டுத்தான் அந்தப் புள்ள போயிருக்கு. முழுசையும் பாத்துட்டுத்தான் அன்னைக்கு ஒனக்குப் போன் பண்ணுனேன். நாங்க தோத்துட்டோம். அன்னைக்கே ஒங்க கொடிய ஏத்திட்டேன். மூணு நாளும் காலையில ஏத்தி, பொழுது சாய எறக்கி வச்சேன். ஏத்துறப்ப ஒரு சல்யூட்டும் அடிச்சேன்."

"சீனாக் கொடிக்காப்பா?" என்றேன்.

"கொடிக்கு இல்ல ஆத்தா. அவளுக்கு."

பிறகு அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பட்டாளத்துக் குரலுக்கு வந்தார். "நீயும் கட்டியிருக்கியாமுல்ல. ஜெயிச்சவங்க வீட்டுல தோத்தவங்க கொடி பறக்கக்கூடாது. அவ இருந்தா ஒன்னைய உண்டு இல்லைன்னு ஆக்கியிருப்பா. எறக்கிரு."

"நாளைக்கு ஒரு நாளு இருக்கட்டும்ப்பா. இது பந்தயத்துக்கு இல்ல. சாவுக்குக் கறுப்புக் கொடி கட்டுவாங்கள்ல, அதுக்குத்தான்."

"அப்ப இருக்கட்டும் ஆத்தா" என்றார்.

அதனால்தான் இன்று நாலாவது நாளும் உன் கொடி பறக்கிறது. காலையில் பயந்து போன செயலர் மத்தியானமே ஜேசிபியை அனுப்பிவிட்டார். இதை எழுதும்போது வாசலில் சாக்கடை வெட்டிக்கொண்டிருக்கிறார்கள், வீடே அதிர்கிறது. சரோஜா அக்கா ஜேசிபி டிரைவருக்கு மோர் கொடுத்துவிட்டு நேராக என்னிடம் வந்து, "தெருவெளக்கு மட்டும்தான் பாக்கி. அடுத்த மேட்ச் எப்ப?" என்று கேட்டார். உங்கள் சொங்னாம் மைதானத்தில், இன்னும் சில மாதத்தில் என்று சொல்லியிருக்கிறேன். நான் தோற்கவேண்டும் என்று தெரு முழுக்க இப்போதே வேண்டிக்கொள்ள ஆரம்பித்துவிட்டது.

பொழுது சாய்ந்ததும் கொடியை இறக்கி மடித்து, புது அந்துருண்டை போட்டு, பழையபடி பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துவிடுவேன். அடுத்த தடவை தோற்காமல் எடுக்கமாட்டேன், இது சத்தியம். தோற்கவேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளவும் மாட்டேன், நீ திட்டுவாய்.

ஆனால் எங்கள் ஆட்களை நீ கொஞ்சம் நம்பலாம்டி. யாரும் வேண்டிக்கொள்ளாமலே தோற்கக்கூடியவர்கள்தான்.