போட்டவன் பேர் இல்லாத சீட்டு

ஜனவரி 18, 1825. வாஷிங்டன்

இன்றும் பன்றித் தொடைதான், உப்புக் கரிக்க. இந்த விடுதிக்காரிக்கு நாக்கு இருக்கிறதா என்பதே சந்தேகம். மேசையில் பேச்செல்லாம் ஒன்றுதான். தேர்தலில் ஜெனரலுக்கோ வெளியுறவுச் செயலருக்கோ, யாருக்கும் பெரும்பான்மை இல்லை. ஜனாதிபதி யார் என்று இனி கீழ்ச்சபை முடிவு செய்யும், மாநிலத்துக்கு ஒரு ஓட்டு என்று. எங்கள் மாநிலத்துக்கு மூன்று உறுப்பினர்கள். கிரீட் வெளிப்படையாகவே வெளியுறவுச் செயலரின் ஆள். கிழவர் ஹாஸ்க்கும் என் கணவர் பார்னபஸும் ஜெனரலுக்குப் போடுவதாக ஊரறியச் சத்தியம் செய்தவர்கள். இரண்டுக்கு ஒன்று, கணக்கு முடிந்தது. பிறகு ஏன் பார்னபஸ் இப்படித் தூங்காமல் புரள்கிறார்?

பிப்ரவரி 2

கிரீட் விருந்துக்கு அழைத்தானாம், பார்னபஸையும் ஹாஸ்க்கையும். ஹாஸ்க் சாப்பிட்டுவிட்டு வாய் திறக்காமல் எழுந்து வந்துவிட்டார். என்னவர் கடைசி வரை இருந்திருக்கிறார்.

பிப்ரவரி 6

இன்று சொல்லிவிட்டார். செயலருக்குப் போட்டு அவர் ஜெயித்தால், மேற்கே நில விற்பனை அலுவலகத்தில் இவருக்குப் பெரிய பதவி என்றானாம் கிரீட்.

"ஜெனரலுக்குப் போட்டா என்ன கிடைக்கும், டார்கஸ்? கைதட்டல்தான்."

"எனோஸ்கிட்ட என்ன சொல்வீங்க?"

"எதுக்குச் சொல்லணும்? சீட்டுல எழுதிப் பெட்டியில போடப்போறோம். போட்டவன் பேர் அதுல இருக்காது. கிரீட்கிட்டகூட நான் ஒண்ணும் ஒத்துக்கல. சிரிச்சிட்டு வந்துட்டேன். அவனுக்குப் புரிஞ்சிருக்கும்."

எனோஸ் என் தம்பி. ஜெனரலின் படையில் இடது கையை இழந்தவன். மிச்சமிருந்த கையால் கடிவாளம் பிடித்து, வீடு வீடாகப் போய் என்னவருக்கு ஓட்டுக் கேட்டான். எங்கள் ஊரில் பெட்டியும் கிடையாது, சீட்டும் கிடையாது. நீதிமன்றப் படியேறி, எல்லோர் முன்னாலும் வேட்பாளர் பேரை உரக்கச் சொல்ல வேண்டும். அவர் எழுந்து, ஓட்டுப் போட்டவன் பேரைச் சொல்லிக் கைகுலுக்கி நன்றி சொல்வார். கடன்காரன் முறைத்தாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். ஒளிந்துகொள்ளும் வசதி இந்தக் கனவான்களுக்கு மட்டும்தான் போலிருக்கிறது.

பிப்ரவரி 9

பனி கொட்டுகிறது. முடிந்துவிட்டது. செயலர்தான் ஜனாதிபதி. எங்கள் மாநிலமும் அவருக்கே, இரண்டுக்கு ஒன்று.

சாப்பாட்டு மேசையில் பார்னபஸ் எழுந்தார். யாரும் கேட்கவில்லை, தானாகவே பைபிளைக் கொண்டுவரச் சொன்னார். கை வைத்தார். "நான் ஜெனரலுக்குத்தான் போட்டேன்." குரல்கூடத் தழுதழுத்தது.

ஹாஸ்க் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நான்தான் துரோகியா, பார்னபஸ்?"

பக்கத்தில் இருந்தவர் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். நான்? தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 21. ஊரில்

பைபிள் சங்கதி பத்திரிகைகளில் எல்லாம் வந்துவிட்டது. பார்னபஸை வரவேற்க முரசு கொட்டினார்கள். ஹாஸ்க்குக்கு வைக்கோல் பொம்மை செய்து கொளுத்தினார்கள். தேர்தல் சமயத்தில் யாருக்கும் ஒரு குவளை விஸ்கி ஊற்றாத மனிதர் அவர். அவருக்காகப் பேச யார் வருவார்கள்?

எனோஸ் மூச்சிரைக்க வந்தான். "ஹாஸ்க் வீட்டு ஜன்னல் ஒண்ணு விடாம உடைச்சாச்சு, அக்கா. மாமா ஒருத்தர்தான் மனுஷன்."

தண்ணீர் கொடுத்தேன். வேறு என்ன கொடுக்க?

ஏப்ரல் 30

சிரிப்பை அடக்க முடியவில்லை. மேற்கு நில அலுவலகப் பதவி வந்துவிட்டது — ஹாஸ்க்குக்கு. பைபிளில் அடித்த சத்தியத்தை ஊர் மட்டுமா நம்பியது, வாஷிங்டனும் நம்பித் தொலைத்திருக்கிறது. பார்னபஸ் காலையிலிருந்து நாற்காலியை உதைத்துக்கொண்டிருக்கிறார்.

"நான்தான் போட்டேன்னு எழுதிக் கேளுங்களேன்" என்றேன்.

"எழுதினா ஊருக்குத் தெரிஞ்சுடும்டி, மூளை இருக்கா உனக்கு?"

விற்ற ஓட்டும் போய், காசும் போய். வயிறெரிகிறது, ஆனாலும் நன்றாக வேண்டும்.

மே 12

ஹாஸ்க் பதவி வேண்டாமென்று எழுதிவிட்டாராம். இதைவிடப் பெரிய பதவிக்குப் பேரம் பேசுகிறார் என்கிறது ஊர்.

ஜூலை 20

ஹாஸ்க் நிலத்தை விற்றுவிட்டு வண்டி கட்டிக்கொண்டு மேற்கே போகிறார். மனைவி பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். எனோஸ் வண்டிக்குப் பின்னாலேயே ஊர் எல்லை வரை துரோகி என்று கூவிக்கொண்டு போனானாம்.

ஆகஸ்ட் 1

இன்று கீழ்ச்சபைத் தேர்தல், பார்னபஸ் மறுபடி நிற்கிறார். காலையில் எனோஸ் ஓட்டுப் போடப் புறப்பட்டு வந்தான். முகம் மழித்து, பழைய பட்டாளத்துக் கோட்டு. சொல்லிவிட்டேன். பொறுக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அவன் கத்தவில்லை. "பிப்ரவரியிலேயே உனக்குத் தெரியுமா, அக்கா?"

"தெரியும்."

"ஜன்னலை உடைச்சிட்டு வந்தப்போ எனக்குத் தண்ணி குடுத்தியே."

நீதிமன்றப் படியேறினான். அவன் வாயிலிருந்து வேறு பேர் வருமா என்ன என்ற தைரியத்தில் பார்னபஸ் முன்னதாகவே எழுந்து, கையை நீட்டிக்கொண்டு நின்றார். எனோஸ் எதிராளி மாலெட்டின் பேரைச் சொன்னான். மாலெட் ஜெனரலைக் கொலைகாரன் என்று ஏசுகிறவன். காலையிலேயே போதை ஏற்றிவிட்டான் என்று கூட்டம் சிரித்தது. பார்னபஸ் சிரிக்கவில்லை. நீட்டிய கையை மடக்காமல் கூட்டத்தில் என்னைத் தேடினார்.

வென்றுவிட்டோம், பெரிய வித்தியாசத்தில். வாசலில் பீப்பாயைத் திறந்து ஊரே குடிக்கிறது. பார்னபஸ் இரண்டு முறை உள்ளே வந்து என் அறை வாசலில் நின்றார். பிறகு கூட்டத்துக்கே திரும்பிவிட்டார். எனோஸ், ஹாஸ்க்கின் வண்டி போன வழியில் குதிரையில் போயிருக்கிறான். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.