கொடி இல்லாத இடம்

சங்கரன்கோவில்

நண்பனாக இருந்து பிரிகேடியர் ஆனவனுக்கு,

நம் மலைமுகட்டுத் தாக்குதலை அகாடமியில் பாடமாக நடத்தப் போகிறாயாம். நானும் வந்து பேச வேண்டுமாம். வரமாட்டேன்.

அன்று அந்த மலையை மணலில் செய்துவைத்த மாதிரியில் எதிரி இருக்கும் இடங்களில் சிவப்புக் கொடி நட்டாய். வடக்குச் சரிவைப் பனி மூடியிருந்தது, வேவு பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை என்றேன். "ஆதாரமில்லாமல் கொடி நட முடியாது" என்று அந்த இடத்தை வெறுமையாக விட்டாய். மாலைக்குள் எல்லோருக்கும் அது எதிரி இல்லாத இடமாகிவிட்டது. மாரிச்செல்வத்தின் அணியை அந்த வழியாகத்தான் அனுப்பினாய். ஒருவரும் திரும்பவில்லை. முகடு கிடைத்தது, உனக்குப் பதக்கமும்.

போன வாரம் அவன் மனைவி பொன்மணி பனவடலிசத்திரத்திலிருந்து வந்தாள். மகன் உங்கள் அகாடமிக்குத் தேர்வாகிவிட்டான், தடுத்து நிறுத்துங்கள் என்று அழுதாள். பிறகு கேட்டாள்:

"அங்கன ஆள் இருக்கது தெரியாதாக்கும், சார்?"

"தெரியாதும்மா."

"தெரியாத எடத்துக்கா அனுப்புனீய?"

என்னையும் உன்னோடு சேர்த்துவிட்டாள். காத்திருந்தால் முகட்டிலிருந்து எதிரி சுட்டுக் கீழே சாலையில் இன்னும் பலர் செத்திருப்பார்கள் என்ற உன் வாதத்தையே சொன்னேன். அது பொய்யும் இல்லை.

பையன் என் பேச்சைக் கேட்கவில்லை. அடுத்த மாதம் உன் முன்னால் உட்காருவான். நீ மணலில் கொடி நடுவாய். கொடி இல்லாத இடத்தில் யாருமில்லை என்று அவனும் எழுதிக்கொள்வான்.

இப்படிக்கு,
கேப்டனாகவே வெளியே வந்தவன்