ஆள்காட்டிக்கு விட்ட இடம்

அக்கா,

கையை எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும் சுண்ணாம்பு வாசனை போகமாட்டேன் என்கிறது. நேற்று உங்கள் கல்லறைத் தோட்டத்தில் சுண்ணாம்பு அடித்தேன். இன்று கல்லறைத் திருநாள், நீங்கள் இல்லாமல் வந்த முதல் திருநாள். போன வருஷம்வரை மாமாவின் சிலுவைக்கு நீங்கள் சுண்ணாம்பு அடிப்பீர்கள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் சாமந்தி பறித்துக்கொண்டே வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பேன். இந்த வருஷம் உங்கள் மகன் பிரஷ்ஷை என் கையில் கொடுத்துவிட்டான்.

என் பூந்தோட்டத்துக்கும் அந்தக் கல்லறைகளுக்கும் நடுவில் ஒரே ஒரு முள்வேலிதான். சுற்றிலும் உழுத நிலம். ஏரும் ஆடும் நுழையாத இடம் அது ஒன்றுதான் என்பதால், ஊரில் விரட்டப்பட்டதெல்லாம் அங்கே குடியேறிவிட்டது. பழைய சிலுவைகளில் பிரண்டை ஏறியிருக்கும். மண்மேடுகளில் சுடுகாட்டு மல்லி பூத்துக் கிடக்கும். புங்கமரத்தடியில் கீரி குட்டிகளோடு திரியும். மயில்கள் ராத்திரி அந்த மரத்தில் அடைந்து, விடிந்ததும் என் நாற்றைத் தின்ன வந்துவிடும்.

"உங்க ஆளுங்க வந்து என் தோட்டத்தக் காலி பண்றாங்க, கொஞ்சம் கேளுங்கக்கா" என்று கத்துவேன்.

"அவங்கல்லாம் என் வார்டு பேஷண்டும்மா. சாப்பாடு உன் வூட்டுல இருந்துதான்" என்பீர்கள். நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் உங்களுக்கு உலகமே ஆஸ்பத்திரிதான்.

செடி பெயர், பறவை பெயர் எதுவும் உங்களுக்கு உருப்படியாகத் தெரியாது. ஆள்காட்டியைக்கூட 'அந்தக் கத்தறவ' என்றுதான் சொல்வீர்கள். போன கோடைக்கு முந்தின கோடையில் அது மாமாவின் கல்லறைக்கு வலது பக்கத்தில், வெறும் தரையில், கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிட்டிருந்தது. முட்டையும் கல் நிறம்தான். பூக்கூடையோடு நடந்துபோன நான் மிதிக்க இருந்தேன். பின்னாலிருந்து சேலையைப் பிடித்து இழுத்தீர்கள்.

"எட்டி நில்லும்மா! டெலிவரி வார்டு இது, கண்ணு தெரியல?"

அன்றே சற்றுத் தள்ளி வட்டமாகக் கல் அடுக்கி, யாரும் மிதித்துவிடாமல் இருக்க அவற்றுக்குச் சுண்ணாம்பும் அடித்தீர்கள். அந்தப் பறவை நன்றியா சொன்னது? நீங்கள் முடிக்கும்வரை தலைக்கு மேலே சுற்றிச் சுற்றி வைதது.

அந்த இடம் யாருக்கு என்பது ஊருக்கே தெரியும். "என்னைய அவரு வலது கைப் பக்கமா போடணும். கல்யாணம் ஆன நாள்ல இருந்து அதான் பழக்கம். எடம் மாறுனா எனக்குத் தூக்கம் வராது" என்று என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினீர்கள். பெங்களூரிலிருந்து ஓடி வரும் மகனுக்கு அந்த அவசரத்தில் ஒன்றும் ஓடாது, நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றீர்கள். நானும் பெரிதாகத் தலையாட்டினேன்.

இந்தச் சித்திரையில் தூக்கத்திலேயே போய்விட்டீர்கள். குழி வெட்ட வந்தவர் கடப்பாரையைத் தூக்கியதும் தலைக்கு மேல் அதே கத்தல். உங்கள் கல்வட்டத்துக்குள் மறுபடியும் முட்டைகள்.

"அம்மா சொன்ன எடம் இதானே? வெட்டுங்க" என்றான் உங்கள் மகன். அழுது அழுது அவன் கண் சிவந்திருந்தது. குழி வெட்டுகிறவர் என்னைப் பார்த்தார். சத்தியம் செய்தவள் நான் என்று அவருக்கும் தெரியும்.

அக்கா, அப்போது உங்கள் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அங்கே படுக்க வேண்டும் என்றதும் நீங்கள். அங்கே யாரும் கால் வைக்கக் கூடாது என்றதும் நீங்கள். எதை மீறட்டும் என்று யாரைப் போய்க் கேட்பேன்?

"வேண்டாங்க. அந்தப் பக்கமா வெட்டுங்க" என்றேன்.

"ஒரு குருவிக்காகவா சித்தி? நீங்கதானே சத்தியம் பண்ணீங்க?"

"பண்ணேன் சாமி. ஆனா உங்கம்மா சர்வீஸ்ல இருந்தவரைக்கும் ஒரு புள்ளத்தாச்சியக்கூட பெட்ட காலி பண்ணச் சொன்னதில்ல. இன்னிக்கு அவங்களுக்காக நாம சொல்லலாமா?"

அவன் அப்படியே மாமாவின் கல்லறைமேல் உட்கார்ந்துவிட்டான். நாங்கள் விலகியதும் பறவை இறங்கி, தத்தித் தத்தி வந்து முட்டைமேல் அமர்ந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவன் அழுகையோடு சிரித்தான். "வெட்டியிருந்தா அம்மா எழுந்து வந்து என்னைய அறைஞ்சிருக்கும்" என்றான்.

இடது பக்கம் புங்கமர வேர் குறுக்கே ஓடியது. கோடாலிக்கு ஆள் அனுப்பினோம். ஃபாதர் வெயிலில் காத்திருந்தார். மொரப்பூரில் ரயிலைப் பிடிக்க வேண்டிய உங்கள் சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். கடைசியில் உங்களை மாமாவின் இடது பக்கத்தில் படுக்க வைத்தோம். வீட்டுக்கு வந்த எனக்குத்தான் பல நாள் தூக்கம் வரவில்லை. நீங்கள் அங்கே இடம் மாறித் தூங்க முடியாமல் புரண்டுகொண்டிருப்பதாகவே தோன்றும். பிறகு ஒரு காலையில் வேலி வழியே பார்த்தேன். எலுமிச்சம்பழம் அளவில் ஒரு குஞ்சு, நெட்டைக் கால்களோடு உங்கள் மண்மேட்டின் உச்சியில் ஏறி நின்றது. கீழே நின்று தாய் கத்திக்கொண்டிருந்தது. அதன் பிறகு எனக்குத் தூக்கம் வந்தது.

இப்போது வேலியெல்லாம் செங்காந்தள். நேற்று உங்கள் சிலுவைக்கும் மாமாவின் சிலுவைக்கும் சுண்ணாம்பு அடித்து, மீந்ததை அந்தக் கல்வட்டத்துக்கும் அடித்தேன். அதனால் வந்ததைக் கேளுங்கள். இன்று திருப்பூரிலிருந்து அப்பாவின் கல்லறைக்கு வந்த ஒரு பெண், சிலுவையில்லாத அந்தச் சின்ன வட்டத்தைப் பார்த்துப் பெயர் வைக்காத குழந்தையின் கல்லறை என்று நினைத்துவிட்டாள். உள்ளே ஒரு மெழுகுவத்தி ஏற்றி, என்னிடம் வாங்கிய சாமந்தியில் ஒரு கை வைத்து, முழங்காலிட்டாள். விஷயத்தைச் சொல்ல ஓடினேன். அவள் கண்ணை மூடியிருந்ததால் நின்றுவிட்டேன்.

எழுந்ததும் கேட்டாள். "யாருங்க இங்க?"

"எங்கக்கா ஆசப்பட்ட எடங்க" என்றேன்.

மெழுகுவத்தி அணையும்வரை வேலியோரம் நின்று பார்த்துவிட்டு வந்தேன். கோடை வந்தால் அந்தக் கத்தறவளும் வருவாள். கற்களை ஒழுங்காக அடுக்கி வைத்திருக்கிறேன். வார்டை நான் பார்த்துக்கொள்கிறேன் அக்கா. நீங்கள் இடது பக்கமே தூங்கப் பழகிக்கொள்ளுங்கள்.